இதழ் தொடங்கும் மருமகனுக்கு

பிரிக்பீல்ட்ஸ்



விஞ்ஞானக் கதைகளில் உனக்குள்ள மோகம் முற்றி, அவற்றுக்கெனவே நண்பர் நால்வருடன் ஒரு தமிழ் இதழ் தொடங்க உத்தேசித்திருப்பதாகக் கிள்ளானிலிருந்து நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். எத்தனை பிரதி அச்சிட்டால் நஷ்டம் வராது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு விடை சொல்லுமுன், அபிமானம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு இதழ் நடத்தியவர் இருவரின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

1936ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள நனீட்டன் என்னும் ஊரில், மாரிஸ் ஹான்சன் என்ற இளைஞர் தம் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 'நோவே டெர்ரே' என்ற ஏட்டைத் தொடங்கினார். புதிய உலகங்கள் என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். மறு ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி லீட்ஸ் நகரில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டியபோது, வந்தவர் தொகை இருபதைக்கூட எட்டவில்லை. ஆனால் அச்சிறு கூட்டத்தில் ஆர்தர் கிளார்க் என்ற பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஊதியமற்ற ரசிகர் ஏடுகளில் எழுதிப் பழகிய அந்தக் கைதான், 1945இல், பூமியிலிருந்து பார்க்க ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று விளக்கி எழுதியது. உங்கள் வீட்டுக் கூரையிலுள்ள ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு இரவும் பகலும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அந்தத் தத்துவத்தால்தான். ஹான்சனின் ஏடு இல்லாவிடினும் கிளார்க் எழுதியிருக்கக்கூடும். ஆயினும் பெயரற்ற பையனுக்கு முதலில் இடம் கொடுத்தவை இத்தகைய ஏடுகளே என்பதை மறுக்க இயலாது. பின்னர் அந்த ஏடு கைமாறி 'நியூ வேர்ல்ட்ஸ்' என்று பெயர் பெற்று, 1946 முதல் கடைகளில் விற்கும் பத்திரிகையாகவே வளர்ந்தது.

அது வெள்ளைக்காரனுக்கு மட்டுமே உரிய கதை என்று நினைத்துவிடாதே. சென்னைத் திருவல்லிக்கேணியில் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். சிறைவாசம் கண்ட காந்தியவாதியாகிய அவர், வெகுஜனப் பத்திரிகைகள் தொடத் தயங்கிய விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் தந்து, தாம் பதிப்பித்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்று, 1970 வரை 119 இதழ்களை வெளியிட்டார். திரிகோணமலையில் பிறந்து, இருபது வயதை ஒட்டி எழுத வந்த தருமு சிவராமு, கடல் கடந்து எழுதி அனுப்பிய கவிதைகளையும் அவர் பிரசுரித்தார். பிற்காலத்தில் பிரமிள் எனப் புகழ்பெற்ற அவ்விளைஞர், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதியவர் என்பது உனக்கு விசேஷமாகப் பிடிக்கும். செல்லப்பா ஈட்டிய லாபம் என்ன என்று கேட்டால், 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' என்ற புதுக்கவிதை நூலைக் காட்டுவேன். அது ரூபாயில் எண்ணக்கூடியதன்று.

இனி உன் காரியத்துக்கு வருவோம். நம் மலேசியாவில் பருவ இதழ் வெளியிட உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. முதலில் அதைப் படி. பிழை திருத்தும் வேலையைப் பிறரிடம் விடாதே. பிரபலமானவரிடம் கதை கேட்டு அலைவதைவிட, கேரித் தீவுத் தோட்டத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவனின் கதையைத் திருத்தித் தருவதில் அந்தச் சிரமத்தைச் செலவிடு. வரும் கடிதங்களுக்குக் கட்டாயம் பதில் எழுது. இதழ் நின்றுபோனாலும் நிற்காமல் தொடர்வது அந்தக் கடிதத் தொடர்பு ஒன்றே.

நீ கேட்ட கணக்குக்கு என் விடை இதுதான்: எத்தனை பேருடைய முகவரியை உன் கையால் உறைமேல் எழுத முடியுமோ, அத்தனை பிரதி அச்சிடு. அதற்குமேல் அச்சிடுபவை கட்டிலுக்கடியில் கறையானுக்கு ஆகும்.

இத்துடன் ஓராண்டுச் சந்தாவாக ஐம்பது வெள்ளி வைத்திருக்கிறேன். மாமன் வீட்டுப் பிரதிதானே என்று தீபாவளிக்கு வரும்போது கையில் கொண்டுவந்து கொடுத்துவிடாதே. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பு. உன் முதல் உறை அதுவாக இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா