தாத்தாவின் பிக்கப்: ஓட்டவா, மீட்கவா, மாற்றிக் கட்டவா?

தோட்டத்துக் கொட்டகையில் தாத்தாவின் பிக்கப் நின்றுபோனால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை பிறக்கும். காயலான் கடைக்குப் போடச் சொல்வார் ஒருவர். பெயிண்ட் அடித்தால் போதும், கல்யாணத்துக்கு ஓட்டலாம் என்பார் சித்தப்பா. பேரனுக்கோ யூடியூபில் பார்த்தபடி டர்போ எஞ்சினும் அகல டயரும் வேண்டும். ஆனால் இதில் எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் ஆர்சி புக்கும் சேஸிஸும்தான் தீர்மானிக்கின்றன. மெக்கானிக்கைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.

ஆர்சி இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கக்கூடும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருக்கும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கைக்கு வரும்வரை வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இருப்பது நல்லது. துருப்பிடித்து நிற்கும் வண்டிக்குப் பங்கு கேட்காதவர்கள், புதுப் பெயிண்ட் மினுக்கும்போது கேட்பார்கள்.

அடுத்தது நம்பர் போர்டின் நிறம். வெள்ளை போர்டு என்றால் 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். மஞ்சள் போர்டு சரக்கு வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்சிக்கு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்ட நினைப்பவருக்கு அது வீண் அலைச்சல்.

பழைய வண்டிக்காரர்கள் ஆசையோடு பேசும் இன்னொரு பதிவும் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும். நிபந்தனை கடுமையானது: சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவு கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். 1970-ல் பதிவான மகிந்திரா ஜீப்புக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. 1988-ல் சந்தைக்கு வந்த டாடா மொபைல் 206, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 2038 வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் பேரனின் டர்போ ஆசை முட்டிக்கொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே உறுதிசெய்தது. அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை ஏற்றினால்கூட ஆர்டிஓவிடம் முறைப்படி ஆர்சியில் பதிய வேண்டும். வேறு நிறுவனத்து எஞ்சினை ஏற்றிவிட்டு, விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக் கோரிக்கையோடு போய் நிற்பது எப்படியிருக்கும் என்று யோசித்தால் ஆசை கொஞ்சம் அடங்கும். உள்ளே எல்லாம் புதிது, வெளியே பழசு என்ற அமெரிக்கப் பாணி, காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு வேண்டுமானால் சரி. சாலையில் ஓட வேண்டிய குடும்ப வண்டிக்கு அது ஒத்துவராது.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இதிலேயே ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் விலைக்கு அஞ்சி அந்தக் காலத்திலேயே டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப்புகள் ஏராளம். போடி, கம்பம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் மலைப்பாதையில் டீசல்தான் கட்டுப்படியானது. ஆர்சியில் ‘பெட்ரோல்’ என்றும் பானட்டுக்குள் டீசலும் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் எந்த வழியிலும் நகர முடியாது. மாற்றம் முறைப்படி பதிவாகியிருந்தால் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் விஏ நம்பர் ஆசையை விட்டுவிட வேண்டும். மாறாமல் பெட்ரோலிலேயே ஓடும் ஜீப்புக்கு இப்போது வேறொரு வேலை சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருப்பதால், பழைய ரப்பர் ஓஸ், பம்ப் டயாபிரம் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும்.

சேஸிஸைப் பார்க்க வண்டியைத் தூக்கி நிறுத்தி, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. சத்தம் மந்தமாக விழுந்தாலோ செதில் உதிர்ந்தாலோ அந்த இடம் சந்தேகம். கமான்பட்டை மாட்டும் இடங்களும், கேபினுக்குப் பின்னால் சேறு தங்கும் மூலைகளும் முதலில் போகும். தூத்துக்குடி உப்பும் நாகப்பட்டினத்து மீனும் சுமந்த வண்டி என்றால் பின்பாடியின் தரை ஓட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம். பாடியில் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் அது ஒட்டாத இடத்தில் பட்டி தடவியிருக்கிறார்கள் என்று பொருள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் மட்டும் வெல்டிங்கோ மணல் அடிப்போ படவே கூடாது. நம்பர் அழிந்தால் வண்டிக்கு அடையாளமே போய்விடும்.

சேஸிஸ் உறுதியாக இருந்தால், ஆலையிலிருந்து வந்தபடி முழுசாக மீட்பதா, ஓட்டத்துக்குத் தயார் செய்வதா என்பதுதான் மிச்சம். முதல் வழி 50 வயதைத் தொட்ட, எஞ்சின் மாறாத ஜீப்புக்குத் தகும். போல்ட் வரை பொருத்தம் தேடும் பொறுமையும், நீளும் செலவுக்குத் தாக்குப்பிடிக்கும் கையிருப்பும் வேண்டும். பிற்காலத்து டாடா பிக்கப்புக்கு இரண்டாவது வழியே புத்திசாலித்தனம். சியாரா (1991), எஸ்டேட் (1992), சுமோ (1994) மூன்றும் டாடா மொபைலின் அடித்தளத்தில் பிறந்தவை என்பதால், இயந்திர பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் வலை வீச இடமிருக்கிறது. எதுவும் பொருந்துமா என்பதைப் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டே வாங்க வேண்டும். கேபினின் வெளித்தகடும் விளக்கு வளையமும்தான் ஆளைச் சுற்ற வைக்கும்.

செலவில் முதல் இடம் பிரேக்குக்கு. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஓஸ் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் வேண்டாம். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். டாங்கைக் கழற்றிக் கழுவிய பிறகே எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, போரிங், ரிங் வேலை காத்திருக்கிறது. டீசலில் கறுப்புப் புகை என்றால் முதலில் பம்ப், இன்ஜெக்டர் சர்வீஸ். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. முதலிலேயே அடித்துவிட்டால் டிங்கரிங் வேலையில் அது மறுபடி உரியும்.

சேஸிஸே போயிருந்தால் காயலான் கடையை விடப் பதிவுபெற்ற ஸ்கிராப் மையம் மேல். அங்கே கிடைக்கும் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25, வணிக வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. எங்கே உடைத்தாலும் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த நம்பர் வேறொரு வண்டியில் ஏறி, வழக்கு மட்டும் வீட்டு வாசலுக்கு வரக்கூடும்.