இணைய மறுக்கும் துணைக்கருவி: புளூடூத் கோளாறுகளைக் கண்டறிந்து களையும் முறை

திறன்பேசியோடு கம்பியின்றி இணையும் கருவிகள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. இயர்போன், கைக்கடிகாரம், செவித்திறன் குறைந்தோர் அணியும் கருவி, இரத்த அழுத்தமானி, வாகனத்தின் ஒலியமைப்பு ஆகியவை இல்லங்களில் புழங்குகின்றன. அட்டை வாசிப்பானும் ரசீது அச்சிடும் சிறு அச்சுப்பொறியும் வணிகர்களின் அன்றாடத் தொழிலுக்குத் துணைநிற்கின்றன. இவை பெரும்பாலும் புளூடூத் என்னும் ஒரே தொழில்நுட்பத்தை நம்பியுள்ளன.

இவ்விணைப்பில் தோன்றும் கோளாறுகளுள் பலவற்றைப் பிறர் உதவியின்றிச் சில நிமிடங்களில் நாமே சரிசெய்துவிடலாம். அதற்கான வழி அறியாதவர்கள் இணையத்தில் ஏதோ ஓர் உதவி எண்ணைத் தேடி, அறிமுகமற்ற ஒருவரிடம் தம் பேசியின் கட்டுப்பாட்டையே ஒப்படைத்துவிடுகின்றனர். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள கருவியின் பழுது வங்கிக் கணக்கின் இழப்பாக முடிவது இவ்வாறுதான். ஆகவே, கோளாறைக் களையும் முறையையும், அவ்வேளையில் கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கையையும் இக்கட்டுரையில் ஒருசேரக் காண்போம்.

இணைப்பு நிகழும் விதம்

எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டில் ஒன்றுகூடி உருவாக்கிய கூட்டமைப்பே புளூடூத்தின் விதிமுறைகளை வகுத்தது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு புளூடூத் என்னும் மன்னரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வழக்கமான புளூடூத் முறையில் இவ்வலைவரிசை 79 தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பேசியும் கருவியும் நொடிக்கு 1,600 முறை வரை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்குத் தாவியபடியே தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு தடத்தில் இரைச்சல் மிகுந்தாலும் பேச்சு அறுபடாமல் இருப்பதற்கு இத்தாவலே காரணம்.

கோளாறைக் கண்டறிய விழைவோர் இரண்டு சொற்களின் வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, ‘இணைசேர்த்தல்’. இரு கருவிகளும் முதன்முறை அறிமுகமாகி, ஒரு மறைகுறியை உருவாக்கித் தத்தம் நினைவகத்தில் பதித்துக்கொள்வது இது. இஃது ஒருமுறை நிகழ்ந்தால் போதும். இரண்டாவது, ‘இணைத்தல்’. பதித்து வைத்த மறைகுறியைக் கொண்டு ஒவ்வொரு முறையும் தொடர்பை ஏற்படுத்திக்கொள்வது இது. இரண்டில் ஒரு கருவி மறைகுறியை இழந்துவிட்டால், மற்றொன்று அதனைப் பழைய நண்பனாகவே கருதி அழைக்கும். எதிர்ப்புறமோ அடையாளம் காணாது மறுக்கும். பட்டியலில் பெயர் இருந்தும் இணைப்பு ஏற்படாமைக்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே.

பழுது எப்பக்கம்?

எதனையும் மாற்றியமைக்கும் முன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க.

அ. இதே கருவி வேறொரு பேசியோடு இணைகிறதா? இணையுமாயின் கருவி நலமாக உள்ளது. குறை உங்கள் பேசியில் உள்ளது.

ஆ. இதே பேசியோடு வேறொரு கருவி இணைகிறதா? இணையுமாயின் பேசி நலமாக உள்ளது. குறை அக்கருவியில் உள்ளது.

இ. கருவியின் பெயர் பட்டியலில் தோன்றவே இல்லையா, தோன்றியும் இணையவில்லையா? தோன்றாவிடில் மின்கலம், தொலைவு, இணைசேர்ப்பு நிலை ஆகியவற்றை ஆராய்க. தோன்றியும் இணையாவிடில் பழைய மறைகுறியையோ, கருவியைப் பற்றியிருக்கும் மற்றொரு பேசியையோ ஐயுறுக.

படிப்படியான தீர்வு

எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை. ஒவ்வொரு படிக்குப் பின்னரும் இணைப்பைச் சோதித்துப் பார்த்து, சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்துக.

1. மின்கலம்: மின்னேற்றம் குறைந்த கருவி, விளக்கு எரிந்தாலும் இணைப்பைத் தக்கவைக்க இயலாது தடுமாறக்கூடும். இயர்பட்ஸ் ஆயின் அவற்றின் பெட்டியும் மின்னேற்றம் பெற்றிருத்தல் வேண்டும். ஒரு காதில் மட்டும் ஒலி கேட்குமாயின், மின்னேற்ற முனைகளில் படிந்துள்ள வியர்வையையும் அழுக்கையும் உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டையும் பெட்டியில் இட்டு மூடிப் பின் எடுக்க.

2. தொலைவும் தடையும்: சிறு கருவிகளுக்கு ஏறத்தாழ 10 மீட்டரே எல்லை எனக் கொள்ளலாம். சுவரும் உலோக அலமாரியும் அதனைக் குறைக்கும். மனித உடலில் உள்ள நீரும் இவ்வலைகளை உறிஞ்சுவதால், பேசி ஒருபுறச் சட்டைப்பையில் இருக்க மறுபுறக் காதில் ஒலி விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. மைக்ரோவேவ் அடுப்பும், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபையும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, ஒரு மீட்டர் தொலைவில் வைத்துச் சோதித்தபின் முடிவுக்கு வருக. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற இயலுமாயின் மாற்றுக.

3. அணைத்து மீண்டும் இயக்குதல்: புளூடூத்தை அணைத்து, பத்து நொடிகளுக்குப் பின் இயக்குக. பயனளிக்காவிடில் பேசியையும் கருவியையும் அணைத்துத் தொடங்குக. ஐபோனில் திரையோரக் கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள குறியைத் தொடுவது இருக்கும் இணைப்புகளைத் தற்காலிகமாகத் துண்டிக்குமேயன்றி, புளூடூத்தை முழுமையாக அணைக்காது. அமைப்புகள் பகுதிக்குச் சென்று அணைப்பதே சரியான வழி.

4. வேறொரு பேசியின் பிடி: முன்பு இணைந்திருந்த பழைய பேசியோ மடிக்கணினியோ அருகில் இருப்பின், கருவி தானாகவே அதனோடு சென்று சேர்ந்திருக்கலாம். அவற்றில் புளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதிக்க.

5. மறக்கச் செய்து மீண்டும் இணைசேர்த்தல்: பேசியின் புளூடூத் பட்டியலில் கருவியின் பெயருக்கருகில் உள்ள குறியைத் தொட்டு, ‘மறந்துவிடு’ என்பதைத் தேர்ந்தெடுக்க. கருவியிலும் பழைய பதிவை அழிக்க. அதற்கான பொத்தான் எதுவென்பது கையேட்டில் இருக்கும். பின்னர்க் கருவியை இணைசேர்ப்பு நிலைக்குக் கொணர்க. கருவியை இயக்குவது வேறு, இணைசேர்ப்பு நிலைக்குக் கொணர்வது வேறு. பல கருவிகளில் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, விளக்கு விரைந்து மின்னத் தொடங்கிய பின்னரே அந்நிலை வாய்க்கும்.

6. அனுமதிகள்: செயலி வழியாக இயங்கும் கருவிகளுக்கு இப்படி முதன்மையானது. ஆண்ட்ராய்டு 11 வரையிலான பேசிகளில், அருகிலுள்ள கருவிகளைத் தேட அச்செயலிக்கு இருப்பிட அனுமதி தேவைப்படும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்னும் தனி அனுமதி உண்டு. மின்சேமிப்பு ஏற்பாடு செயலியைப் பின்னணியில் முடக்குவதாலும் இணைப்பு அறுபடும். அச்செயலிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

7. மென்பொருள் புதுப்பித்தலும் பிணைய மீட்டமைப்பும்: பேசியின் மென்பொருளையும் கருவியின் மென்பொருளையும் புதுப்பிக்க. அதுவும் பலிக்காவிடில், பிணைய அமைப்புகளை மீட்டமைத்தல் இறுதி வழி. சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைசேர்ப்புகளும் அழியும்; படங்களும் செயலிகளும் அழியா. ஆயினும் ஒரு கவனம் தேவை. சில ஆண்ட்ராய்டு பேசிகளில், பதிவிறக்கிய இ-சிம்மை அழிக்கும் தெரிவும் இம்மீட்டமைப்போடு சேர்ந்து காட்டப்படும். அதனைத் தேர்ந்தெடுத்தால் வங்கியில் பதிந்துள்ள எண்ணே செயலற்று, ஒருமுறைக் கடவுச்சொல் வாராது போகும்.

பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது புளூடூத் கோளாறுக்கு அரிதாகவே தேவைப்படும். அது வங்கிச் செயலியையும் அதன் பதிவையும் சேர்த்தே நீக்கிவிடும் என்பதால், எவர் கூறினும் அவசரப்பட்டுச் செய்தல் ஆகாது.

கருவிக்கேற்ற குறிப்புகள்

இயர்போன்: பாடல் கேட்டும் அழைப்பின் குரல் கேட்கவில்லையெனில், பேசியில் அக்கருவிக்குரிய அமைப்பில் ‘அழைப்புகள்’ என்னும் பகுதி அணைக்கப்பட்டிருக்கலாம். அழைப்பின்போது ஒலித்தரம் சற்றுக் குறைவது பழுதன்று. ஒலிவாங்கியும் சேர்ந்து இயங்கும் வேறு முறைக்கு இணைப்பு மாறுவதால் அவ்வாறு நிகழ்கிறது.

கைக்கடிகாரம்: பெரும்பாலான கடிகாரங்களை அவற்றுக்குரிய செயலி வழியாகவே இணைசேர்த்தல் வேண்டும், பேசியின் பட்டியலில் நேரடியாகத் தொட்டு இணைத்தால் முழுமையாக இயங்கா. குறுஞ்செய்தி அறிவிப்புகள் கடிகாரத்திலும் தோன்றுவதால், ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் மணிக்கட்டில் பிறர் பார்வைக்குத் தெரியக்கூடும். கடிகாரத்திற்குத் திரைப்பூட்டு இடுவது நன்று.

ரசீது அச்சுப்பொறி: இணைசேர்க்கும்போது கேட்கப்படும் எண் பல அச்சுப்பொறிகளில் 0000 அல்லது 1234 ஆக இருக்கும். பட்டியலில் ‘இணைசேர்க்கப்பட்டது’ என்று மட்டும் காட்டுவது குறையன்று. செயலி அச்சிடும் கணத்தில்தான் இணைப்பைத் திறக்கும். அச்சிட்டும் தாள் வெறுமையாக வருமாயின், வெப்பத்தாளின் பக்கம் மாறியுள்ளதா எனக் காண்க. ஆண்ட்ராய்டுக்கென அமைந்த சில அச்சுப்பொறிகள் ஐபோனோடு இணையா என்பதை வாங்கும் முன்பே கேட்டறிக.

ஒலிப்பெட்டி: கடைகளில் பணம் வந்ததை அறிவிக்கும் பெட்டி பெரும்பாலும் தனக்குள் உள்ள சிம் கார்டு வழியாகவே இயங்குகிறது. அது பேசாதிருந்தால், உங்கள் பேசியின் புளூடூத்தை ஆராய்வதில் பயனில்லை. அப்பெட்டியின் மின்னேற்றத்தையும் அலைத்தொடர்பையும் காண்க. பெட்டி மௌனமாயிருக்கும் வேளையில், வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாது, உங்கள் கணக்கில் வரவு வந்துள்ளதா என்று சரிபார்க்க.

அட்டை வாசிப்பான்: பரிவர்த்தனையின் நடுவே இணைப்பு அறுந்தால், உடனே அட்டையை மறுபடி செலுத்துதல் கூடாது. முதற்கண் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலையும், வாடிக்கையாளருக்கு வந்த குறுஞ்செய்தியையும் ஒப்பிடுக. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதிச்செய்தி வாராதிருப்பின், அத்தொகை பரிவர்த்தனை நாளையடுத்த 5 நாட்களுக்குள் தானாகத் திரும்புதல் வேண்டும் என்று 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடும் அதில் குறிக்கப்பட்டது. இதனை அறிந்த வணிகர் வாடிக்கையாளரோடு வாதிட நேராது. வாடிக்கையாளரும் இருமுறை பணம் இழக்க நேராது.

இணைக்கும்போது காக்க வேண்டியவை

புதிய கருவியை இணைசேர்க்கையில் இரு திரைகளிலும் ஓர் ஆறிலக்க எண் தோன்றுவதுண்டு. இரண்டும் ஒன்றாயிருந்தால் மட்டுமே ஏற்க. நீங்கள் எதனையும் இணைக்காத வேளையில் இணைசேர்ப்புக் கோரிக்கை தோன்றுமாயின் மறுத்துவிடுக.

எந்தத் துணைக்கருவியை இணைப்பதற்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ, யுபிஐ ரகசிய எண்ணோ, அட்டை எண்ணோ தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் கருவியைச் சரிசெய்ய வந்தவர் அல்லர். உதவி எண்ணைக் கருவியின் பெட்டியிலிருந்தோ கையேட்டிலிருந்தோ மட்டுமே எடுத்துக்கொள்க. தேடுபொறியில் முதலாவதாக வரும் எண் நிறுவனத்தினுடையது என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. திரையைப் பகிரும் செயலியையோ, தொலைவிலிருந்து இயக்கும் செயலியையோ, குறுஞ்செய்தியில் வந்த கோப்பையோ நிறுவுமாறு கூறினால் அழைப்பைத் துண்டிக்க. புளூடூத் கோளாறைக் காண உங்கள் திரையை ஒருவர் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை.

வாடகை வாகனத்தில் பேசியை இணைத்திருந்தால், தொடர்பு எண்களும் அழைப்பு விவரங்களும் அதன் நினைவகத்தில் தங்கக்கூடும். இறங்கும் முன் உங்கள் பேசியின் பெயரை அங்கிருந்து நீக்குக. பழைய கருவிகளை விற்கும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க.

இவற்றையும் மீறிப் பண இழப்பு நேர்ந்தால், வங்கிக்கும் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதில் ஒரு தெளிவான வேறுபாட்டை வகுத்தது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறின்றி மூன்றாம் தரப்பால் மோசடி நிகழ்ந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ரகசிய விவரங்களைத் தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும்; தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே, தவறு யாருடையதாயினும் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

தற்சோதனை

1. பட்டியலில் இயர்போனின் பெயர் உள்ளது, இணையவில்லை. நண்பரின் பேசியோடு இணைகிறது. செய்ய வேண்டியது யாது? நண்பரின் பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டு, உங்கள் பேசியில் அதனை மறக்கச் செய்து மீண்டும் இணைசேர்க்க.

2. அச்சுப்பொறி நேற்று வரை இயங்கியது. பேசியின் மென்பொருளைப் புதுப்பித்தபின் செயலி அதனைக் காணவில்லை. முதலில் எதனைப் பார்ப்பீர்? செயலிக்குரிய ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதியை.

3. கருவியைச் சரிசெய்வதாகக் கூறுபவர், ‘சரிபார்ப்புக்காக ஒரு ரூபாய் மட்டும் அனுப்புங்கள்’ என்கிறார். விடை: அழைப்பைத் துண்டித்து, கையேட்டில் உள்ள எண்ணை அழைக்க. அந்த ஒரு ரூபாயை அனுப்ப நீங்கள் தட்டும் ரகசிய எண்ணையே அவர் நாடுகிறார்.