கை பேசும் பருவம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

குழந்தையின் மழலையை வள்ளுவர் எவ்வளவு உயர்த்திச் சொன்னார் என்பதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அந்த மழலைச் சொல்லும் வருவதற்கு முன் சில மாதங்கள் இருக்கின்றன அல்லவா? வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அந்த மாதங்களின் பாடு தெரியும். பாலைக் கொடுத்தால் தட்டிவிடும். தூக்கினால் திமிறும். கீழே விட்டால் இன்னும் உரக்க அழும். ஏதோ வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது, சொல்லத்தான் வழியில்லை.

எட்டு, ஒன்பது மாதக் குழந்தை நாம் பேசும் சொற்கள் சிலவற்றைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறது. “நிலா எங்கே?” என்றால் மேலே பார்க்கிறது. ஆனால் தானாக ஒரு சொல்லைப் பொருளோடு சொல்ல ஏறக்குறைய ஒரு வயதாகிவிடுகிறது. காரணம் என்ன? ஒரு சொல்லை உச்சரிக்க நாக்கு, உதடு, தாடை, குரல்வளை, மூச்சு ஆகிய எல்லாம் நொடிப்பொழுதில் ஒத்துழைக்க வேண்டும். நாக்கு வாய்க்குள் என்ன செய்கிறது என்று குழந்தையால் பார்த்துப் பழகவும் முடியாது. கையோ கண்ணெதிரே இருக்கிறது. அதனால்தான் டாட்டா காட்டுவதும் கும்பிடுவதும் பல சொற்களுக்கு முன்னதாகவே வந்துவிடுகின்றன.

இதை ஒரு தாய் தம் வீட்டிலேயே கவனித்தார். அவர் அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியராக இருந்த லிண்டா அக்ரிடோலோ. 1980களின் தொடக்கத்தில், ஏறக்குறைய ஒரு வயதான அவர் மகள் பூவைக் கண்டால் மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பது போலச் செய்வாளாம். அதுதான் ‘பூ’ என்று அவள் சொல்லும் முறை! மீனைக் கண்டால் வாயால் ஊதுவாள். மீனுக்கும் ஊதுவதற்கும் என்ன தொடர்பு என்று நாங்களும் வியந்தோம். அவள் தொட்டிலுக்கு மேலே மீன் பொம்மைகள் தொங்கின. அவை ஆடுவதற்காகத் தாய் இரவில் ஊதிக்காட்டுவார். குழந்தை அதையே மீனுக்குப் பெயராக வைத்துக்கொண்டுவிட்டது. சிலந்திக்கு இரண்டு சுட்டுவிரல்களையும் உரசுவாள். அது ஒரு சிலந்திப் பாட்டின் அபிநயத்திலிருந்து வந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமலே குழந்தை தானே அகராதி தயாரித்திருக்கிறது, பாருங்கள்!

அக்ரிடோலோவும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த சூசன் குட்வினும் வேறு பல குழந்தைகளிடமும் இத்தகைய சைகைகளைக் கண்டு 1988இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு, பெற்றோர் வேண்டுமென்றே சைகைகளைக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்றும் ஆராய்ந்தார்கள்.

இதைவிட எங்களுக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்றுண்டு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் ‘பபப’, ‘மமம’ என்று உளறும் பருவத்தில், விரல்களாலேயே அப்படி உளறுகின்றனவாம். லாரா ஆன் பெட்டிட்டோ என்னும் அறிஞர் இதை 1991இல் எடுத்துக்காட்டினார். ஆகவே மழலை என்பது வாய்க்கு மட்டும் உரியதன்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காது கேளாதோர் பேசும் சைகை மொழி தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழி. குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் நாலைந்து சைகைகளை அதற்குச் சமமாக வைப்பது, நான்கு எழுத்தைக் கற்றவர் தம்மைப் புலவர் என்று சொல்லிக்கொள்வது போலாகும்.

படித்ததோடு விட மனம் வரவில்லை. எங்கள் அக்காவின் மகனுக்கு அப்போது எட்டு மாதம். நானும் தங்கையும் அக்காவின் அனுமதியோடு நான்கு சைகைகளைத் தேர்ந்தெடுத்தோம். பாலுக்குக் கையை மூடித் திறப்பது. ‘இன்னும்’ என்பதற்கு இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டுவது. ‘போதும்’ என்பதற்கு உள்ளங்கைகளை விரித்து அசைப்பது. வலிக்குச் சுட்டுவிரல்களை எதிரெதிரே நீட்டுவது. ஒவ்வொரு முறையும் சொல்லையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அதுதான் முக்கியம்.

எங்கள் ஆச்சிக்கு இது பிடிக்கவில்லை. “கையை ஆட்டுனாலே கெடைக்கும்னா பிள்ளை எதுக்கு வாயைத் தெறக்கப் போறான்? சும்மா கெடங்கட்டி!” என்றார்கள்.

ஆச்சியின் கேள்வி தள்ளிவிடக்கூடியது அன்று. அதற்கு விடை தேடினோம். குட்வினும் அக்ரிடோலோவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 103 குழந்தைகள் இருந்தார்கள். சைகை கற்றவர்கள் பேச்சில் பின்தங்கவில்லை. சில சோதனைகளில் சற்று முன்னும் நின்றார்கள். ஆகவே ஆச்சியின் அச்சம் நீங்கியது. (ஆச்சி அப்படி ஒப்புக்கொள்ளவில்லை.) ஆனால் சைகை கற்ற குழந்தை சீக்கிரம் பேசும், மேதையாகிவிடும் என்று புத்தகமும் படமும் விற்பவர்கள் சொல்வதையும் நம்பிவிடக் கூடாது. 2005இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, அவ்வாறு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கையைக் கையை ஆட்ட, அவன் எங்களை வேடிக்கை பார்த்தான். தங்கை சலித்துப்போய் விட்டுவிட்டாள். ஒருநாள் காலை கொல்லைச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அவன் சிரித்தான். காகம் பறந்தது. உடனே இரண்டு கைகளையும் குவித்துத் தட்டினான். இன்னும் வேண்டுமாம், காகம்! சோற்றுக்கும் பாலுக்கும் நாங்கள் கற்றுக்கொடுத்ததை அவன் காகத்துக்குக் கேட்டான். தங்கை கூவிய கூவலில் அடுக்களையிலிருந்து ஆச்சியே ஓடிவந்துவிட்டார்கள்.

பாலும் போதுமும் பிறகு வந்தன. ‘வலி’ மட்டும் வரவே இல்லை.

பதினோராம் மாதத்தில் ஓர் இரவு அவன் அழத் தொடங்கி நிறுத்தவே இல்லை. பால் சைகை காட்டினோம், முகத்தைத் திருப்பினான். வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் காய்ச்சப் போனார்கள். பல் முளைக்கிறது என்றார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்றும் சொன்னார்கள். அக்கா மட்டும் பேசாமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அந்தக் கைகளைப் பார்த்துப் பழகியவள் அல்லவா? சற்று நேரத்தில், “இவன் வலக்காதையே பிடித்துப் பிடித்து இழுக்கிறான். இடக் காதைத் தொடவே இல்லை” என்றாள். காலையில் மருத்துவர் கருவியால் பார்த்துவிட்டு, வலக்காதின் உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்றார். மருந்தில் குணமானது.

நாங்கள் கற்றுக்கொடுத்த சைகை அன்று உதவவில்லை என்பது உண்மை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தார் 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை கவனித்து, 2013இல் வெளியிட்ட ஆய்வு அதன் பிறகே எங்களுக்குப் புரிந்தது. சைகை கற்ற குழந்தைகளின் பேச்சில் அவர்கள் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. வேறுபாடு தாய்மாரிடம் இருந்தது! சைகை பழகிய தாய்மார், குழந்தை சொல்லாமல் காட்டும் குறிப்புகளுக்கு மற்றவர்களைவிட நன்கு செவிசாய்த்தார்கள். செவி என்றா எழுதினோம்? கண்சாய்த்தார்கள் என்றுதான் எழுத வேண்டும்.

ஆச்சியிடம் இதைச் சொன்னோம். “அஞ்சு பிள்ளை வளத்தவளுக்கு இதைச் சொல்ல இங்கிலாந்திலேருந்து ஆள் வரணுமாக்கும்” என்றார்கள். ஆனால் அன்று முதல் ஆச்சியும் பால் சைகை காட்டுகிறார்கள்.

இப்பொழுது அவனுக்கு ஒன்றரை வயது. காக்கா, மாமு, தண்ணி, ஆச்சி என்று சொற்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. சொல் வர வர அதற்குரிய சைகை தானாக உதிர்ந்துவிடுகிறது. ‘போதும்’ மட்டும் இன்னும் கையில்தான் இருக்கிறது. நாங்கள் மாலையில் உரக்கப் பாடம் படிக்க உட்கார்ந்தால், எதிரே வந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அசைக்கிறான்.