செல்லப் பெயரா, வசவா?

கேள்வி: நியூசிலாந்துக்காரரை 'கிவி' என்றால் சிரிக்கிறார். பாகிஸ்தானியரை 'பாக்கி' என்றால் மட்டும் ஏன் கோபம்? இரண்டும் பட்டப்பெயர்தானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெயர் எந்த வாயிலிருந்து, எப்படி வந்தது என்பதுதான் கணக்கு. கிவி அந்நாட்டில் மட்டுமே வாழும், பறக்காத பறவை. முதல் உலகப் போரில் அந்நாட்டுச் சிப்பாய்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயரை இன்று மக்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்கரைக் குறிக்கும் 'யாங்கி'யும் அப்படித்தான். பிரிட்டிஷ் சிப்பாய்கள் கேலியாகப் பாடிய 'யாங்கி டூடுல்' பாட்டை அமெரிக்கர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். 1978-இல் கனெக்டிகட் அதையே மாநிலப் பாடலாக அறிவித்தது.

'பாக்கி' கதை வேறு. 1960களின் இறுதியிலும் 70களிலும் பிரிட்டன் தெருக்களில் தெற்காசியரை அடித்து உதைத்தவர்கள் கத்திய சொல் அது. அடிபட்டவர்களில் இந்தியரும் வங்கதேசத்தவரும் உண்டு. ராணுவப் பயிற்சியில் உடனிருந்தவரை அப்படி அழைத்த காணொளி 2009-இல் வெளியானபோது, இளவரசர் ஹாரியே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

தானே சூடிக்கொண்டால் மாலை. அடுத்தவர் வீசினால் கல். நாட்டுப்பற்றுக்கும் இந்த ரோஷத்துக்கும் அதிகச் சம்பந்தமில்லை. இது பட்ட அடியின் நினைவு. சந்தேகம் வந்தால் முழுப் பெயரையே சொல்லிவிடுங்கள். நாக்கு தேய்ந்துவிடாது!