பழைய மினி டிராக்டர் வாங்கலாமா?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் செம்மண் நிலம். இரண்டு ஏக்கரில் செடி முருங்கை, ஒரு ஏக்கரில் கொய்யா, மீதியில் சின்ன வெங்காயம். வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர் முருங்கைக்குள் இறங்கினால் கிளையை ஒடித்துவிடுகிறது. மழை பெய்து பதம் இருக்கிற நாளில் கூப்பிட்டால் வண்டி கிடைப்பதில்லை. கரூர் பக்கம் எட்டு வருடம் ஓடிய 24 எச்.பி. ஃபோர்வீல் மினி டிராக்டர் ஒன்று ரோட்டவேட்டரோடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது, வந்ததும் உழவுக்கு எப்படித் தயார் செய்வது?

- வேடசந்தூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: மூன்று விஷயங்கள் ஒத்துவந்தால் தாராளமாக வாங்கலாம். வண்டி உங்கள் வரிசைக்குள் நுழைய வேண்டும். உதிரிபாகமும் அந்த வண்டி தெரிந்த மெக்கானிக்கும் திண்டுக்கல்லிலேயே கிடைக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வில்லங்கம் இருக்கக் கூடாது. இதில் ஒன்று இடித்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

கரூருக்குப் போவதற்கு முன்பு டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போங்கள். பி.கே.எம்-1 முருங்கையை எட்டடிக்கு எட்டடி வைத்திருப்பீர்கள். ஆனால் வண்டிக்குக் கிடைப்பது எட்டடி அல்ல. இந்தக் கிளை நுனிக்கும் எதிர்க் கிளை நுனிக்கும் நடுவே உள்ள வெளிதான். 24 எச்.பி. வண்டிகள் ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கடி அகலம் வரும். சில சமயம் ரோட்டவேட்டர் வண்டியைவிட அகலமாக இருக்கும். இரண்டில் எது அகலமோ அதோடு பக்கத்துக்கு அரையடி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வரிசைக்குள் அடங்கவில்லை என்றால், ஒன்று முருங்கையைக் கவாத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் பவர் டில்லர் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது விலை. விற்பவர், தான் வாங்கிய விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். நீங்கள் இன்றைக்குப் புது வண்டி உங்கள் கைக்கு என்ன விலையில் வரும் என்பதிலிருந்து தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகப் புது வண்டிக்குச் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி. தாசில்தார் அலுவலகத்தில் அதற்கான சான்று வாங்கலாம். பழைய வண்டிக்கு இந்த மானியம் கிடையாது. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு திண்டுக்கல்லில் உள்ள அந்தத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேளுங்கள். மானியம் போகப் புது வண்டியின் விலையும் இந்தப் பழைய வண்டியின் விலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பழையதை வாங்குவதில் அர்த்தமில்லை.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயமில்லை. சூடான பிறகும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் செலவு காத்திருக்கிறது. வண்டி ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்து புகை குபுகுபுவென்று வரக் கூடாது.

எஞ்சின் நன்றாக இருந்தால் பாதி வண்டிதான் தேறியது. உழவுக்கு ஹைட்ராலிக்கும் பி.டி.ஓ.வும் மீதிப் பாதி. ரோட்டவேட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். யாரும் அதன் கீழே கை, கால் வைக்காமல் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். விறுவிறுவென்று இறங்கினால் உள்ளே சீலோ வால்வோ போயிருக்கிறது. பிறகு பி.டி.ஓ.வைப் போட்டு, மண்ணில் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். கிளட்ச் நழுவுகிறதா, கியர் தானாக விழுகிறதா என்பது வெறும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. ஃபோர்வீல் வண்டி என்பதால் டயர் அளவையும் கவனியுங்கள். முன்டயரை வேறு அளவில் மாற்றியிருந்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து முன் ஆக்சில் பல்லைத் தின்றிருக்கும்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு விவரத்தைச் சரிபாருங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிவிடுங்கள். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால் விற்றவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு.

கொண்டுவருவதற்கு, கரூரிலிருந்து நான்குவழிச் சாலையில் ஓட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். மினி டிராக்டரின் வேகத்துக்கும் அந்தச் சாலையில் பறக்கும் பஸ், லாரிக்கும் ஒத்துவராது. வண்டி மட்டும் 600 முதல் 800 கிலோ வரும், ரோட்டவேட்டர் தனி. சின்ன யானைக்கு இது அதிக பாரம். பொலிரோ பிக்கப்போ 407-ஓ பிடியுங்கள். பலகையைச் சாய்த்து ஏற்றுவதைவிட, லாரியின் தளம் உயரத்துக்கு இருக்கும் மண்மேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி ஏற்றுவது பாதுகாப்பு. சாய்வுதான் வழி என்றால் ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு ரிவர்ஸில் ஏற்றுங்கள். முன்பக்கமாக ஏற்றினால் மூக்கு தூக்கி மல்லாந்துவிடும் ஆபத்து உண்டு. ஏற்றியதும் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலையிலும் ஆக்சிலில் சங்கிலி கட்டுங்கள். ஸ்டியரிங் ராடில் கயிறு கட்டவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, கியர் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ரோட்டவேட்டரை மாட்டியதும் இடம் வலம் மட்டமாக இருக்கிறதா, ஷாஃப்ட்டின் மேல் உறை இருக்கிறதா என்று பாருங்கள். உறை இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். தோளில் கிடக்கும் துண்டு ஒன்று சிக்கினாலே உயிர் போகும். சுற்றிய புல்லை எடுக்க எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ரோட்டவேட்டர் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த செம்மண்ணை அது மாவாக அரைத்துவிடும். அடுத்த மழையில் மேலே ஓடு கட்டும், வருடா வருடம் ஓட்டினால் கீழே மண் இறுகும். சரளை இருக்கும் இடத்தில் பிளேடும் வளையும். அதனால் ஐந்து கொத்துக் கலப்பை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். சித்திரை, வைகாசி மழைக்குப் பிறகு கோடை உழவைக் கலப்பையால் செய்யுங்கள். களையெடுக்க மட்டும் ரோட்டவேட்டரை மூன்று நான்கு அங்குல ஆழத்தில், தூரை விட்டு இரண்டடி தள்ளி ஓட்டுங்கள். வெங்காய நிலத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெரிய டிராக்டரை வாடகைக்குப் பிடித்து உளிக்கலப்பை போட்டால் அடிமண் இளகும். உழவன் செயலியில் அரசு வாடகை வண்டிக்குப் பதிவு செய்யலாம்.

நம் பக்கத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் அதிகம். கிணற்றோரம் பத்தடிக்குக் கல் நட்டு எல்லை வைத்துவிடுங்கள், அதற்குள் வண்டி போகக் கூடாது. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

கரூர் வண்டி வரிசைக்குள் அடங்கி, ஹைட்ராலிக்கும் ஆர்.சி.யும் தேறி, விலையும் மானிய விலைக்கு நன்றாகக் கீழே நின்றால் வாங்குங்கள். இல்லையென்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்து, மானியத்துக்கு மனுப் போடுங்கள்.