தொக்கணம் பழகும் தங்கைக்கு



மசாஜ் பழகப் போகிறேன் என்று நீ வீட்டில் சொன்ன அன்றே, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி வந்திருக்கும். அந்த நாலு பேர் எல்லா ஊரிலும் உண்டு. 1894இல் லண்டனிலும் இருந்தார்கள். மசாஜ் நிலையம் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுத, ஒழுங்காகத் தொழில் செய்தவர்கள் மேலும் பழி விழுந்தது. அங்கே பதில் சொன்னதும் நாலு பேர்தான்: ரோசலிண்ட் பேஜட், லூசி ராபின்சன், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நர்சுகள். அவர்கள் மறுப்பு அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. பயிற்சி பெற்ற பெண்களுக்கென்று சங்கம் வைத்தார்கள், தேர்வு நடத்தினார்கள். டாக்டர் சொல்லாமல் மசாஜ் கிடையாது, நோயாளியிடம் மருந்து விற்கக் கூடாது என்று விதி போட்டார்கள். பிரிட்டனில் இன்று பிசியோதெரபிஸ்டுகளுக்கு இருக்கும் பெரிய சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

மசாஜுக்குச் சித்த மருத்துவத்தில் பெயர் தொக்கணம். அது சொல்லும் 32 புறமருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். கையில் பலம் இருந்தால் போதும் என்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். பலத்தைவிட அளவுதான் இங்கே வித்தை.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதை மயாமியில் குறைமாதக் குழந்தைகளே காட்டிவிட்டார்கள். ஆய்வாளர் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு அது. தினமும் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், 10 நாள் தடவிக் கை கால்களை மடக்கி நீட்டினார்கள். பால் அளவு ஒன்றுதான். ஆனாலும் தடவாத மற்ற குழந்தைகளைவிட நாளுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. பிறகு நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. பூப்போல வருடினால் குழந்தைக்குக் கூச்சம்தான் வருகிறது. மிதமாக அழுத்தினால்தான் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இரைப்பை நன்றாக வேலை செய்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்த நம் பாட்டிமார் யாரும் வருடிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்.

வேகத்துக்கும் அளவு உண்டு. ரோமமுள்ள தோலில் மெதுவான தடவலுக்கென்றே ஒருவகை நரம்பிழை இருக்கிறது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் அது நன்றாகத் துடிக்கிறது. தொடப்படுபவருக்கும் அந்த வேகமே இதமாக இருக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டது இது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு இழுப்புக்கு ஐந்து நொடியாவது எடுத்துக்கொள். எண்ணெயை நேராக முதுகில் ஊற்றாதே. உன் உள்ளங்கையில் விட்டுச் சூடாக்கு. எந்தப் பகுதியில் கை இருக்கிறதோ அதைத் தவிர மற்றதெல்லாம் துணிக்குள் இருக்கட்டும். அடுத்த இடத்துக்குப் போகும் முன் கேட்டுக்கொள்.

வாக்குக் கொடுப்பதிலும் அதே கணக்குதான். "உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறிவிடும்" என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றி 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பீடு, கொஞ்ச நாளைக்கு வலி குறையலாம், ஆனால் சான்று பலவீனம் என்றது. வந்தவரிடம் அதையே சொல். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினால் அதுவும் சின்ன விஷயம் இல்லை.

தொடக் கூடாத நேரம் எது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒருவர் வருவார், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கும், சூடாக இருக்கும், அழுத்தினால் வலிக்கும். போன வாரம்தான் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்திருப்பார். "வெறும் சதைப்பிடிப்பும்மா, நல்லா உருவி விடு" என்பார். கை வைக்காதே. உள்ளே போகும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். காய்ச்சல், தோல் தொற்று, புதிய எலும்பு முறிவு என்றாலும் மேசையில் ஏற்றாதே. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எல்லாரிடமும் கேள். சாப்பிடுபவருக்கு லேசான அழுத்தத்துக்கே தோல் கன்றிப் போகலாம்.

இந்தத் தொழிலில் சீக்கிரம் தேய்வது கட்டைவிரல் மூட்டு. விரலால் குத்தாமல் உள்ளங்கையையும் முன்கையையும் வை, உடம்பின் பாரத்தைச் சாய்த்து இறக்கு. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் விரல் முட்டி மேசையைத் தொடுகிற உயரம் சரியாக இருக்கும்.

வேலைக்குச் சேரும் இடத்தில் சம்பளம் பேசும் முன் மூன்று கேள்வி கேள். ஒரு நாளைக்கு எத்தனை பேர்? நடுவில் எத்தனை நிமிடம் இடைவெளி? வந்தவர் தப்பாக நடந்தால் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வர உனக்கு உரிமை உண்டா? மூன்றாவது கேள்விக்கு முதலாளி சிரித்து மழுப்பினால், வேறு இடம் பார்.