புதிதாய் வந்த ஆசிரியர் அந்நியரல்லர்



ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும் காலம். காலை வேளையில் நமது கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் நின்று பாருங்கள். தாம்பரம் வழியாய்க் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலுக்காகப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய்க் காத்திருப்பார்கள். அவர்கள் நடுவில், தோளில் ஒரு பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக, வயதில் அவர்களைவிடச் சற்றே மூத்த ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மாணவி அல்ல, ஆசிரியை. எம்.ஏ. முடித்து, நெட் பரீட்சையும் எழுதித் தேறி, ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் நடத்த அழைக்கப்பட்டிருக்கிறாள். பகுதிநேர ஆசிரியை என்றும், கௌரவ விரிவுரையாளர் என்றும் அவளுக்குப் பெயர். இன்று அவளுக்கு முதல் நாள்.

கல்லூரி வாசலில் அவளை எதிர்கொண்டு அழைப்பவர் யார்? இந்தக் கல்லூரி எதற்காக உண்டானது, இங்கே ஆசிரியராயிருப்பது என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? ஒருவருமில்லையென்றால் அவள் மணி அடித்ததும் வகுப்புக்குள் போவாள், மணி அடித்ததும் வெளியே வருவாள், மாலையில் ரயிலேறி வீடு திரும்புவாள். வருடம் முழுவதும் அவள் அந்த இடத்துக்கு அந்நியராகவே இருப்பாள்.

இது கல்லூரி நிர்வாகத்தார் பார்த்துக்கொள்ளவேண்டிய காரியம், நமக்கென்ன என்று சொல்லவேண்டாம். அங்கே படிப்பவர்கள் நம் பிள்ளைகள். அங்கே புதிதாய்ப் பாடம் நடத்தப் போகிறவர்களும் நம் பிள்ளைகளே. ஆகையால் இந்த வாரம் இதையே நமது பாடமாக வைத்துக்கொள்வோம்.

1. வேத ஆகமம் காட்டும் முன்மாதிரி

அப்போஸ்தலர் நடபடி 18-ம் அதிகாரத்தில் அப்பொல்லோ என்பவருடைய வரலாறு சொல்லப்படுகிறது. அவர் அலெக்சாந்திரியா நகரத்தார். வாக்கு வல்லமையுள்ளவர், வேத நூல்களில் கரைகண்டவர். எபேசு பட்டணத்துக்கு வந்து, ஜெபக்கூடத்தில் துணிவோடு போதிக்கத் தொடங்கினார். ஆயினும் ஒரு குறை இருந்தது. ஸ்நாபக அருளப்பருடைய ஞானஸ்நானத்தை மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

அவர் பேசியதைக் கேட்டவர்களில் அக்குவிலாவும், அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் இருந்தார்கள். கூடாரம் செய்து பிழைக்கும் எளிய குடும்பம் அது. அவர்கள் அப்பொல்லோவைச் சபை நடுவில் எழுந்து மறுத்துப் பேசவில்லை. இவருக்கு ஒன்றும் தெரியாது என்று தள்ளிவிடவுமில்லை. தனியே அழைத்துக்கொண்டுபோய்த் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் நுட்பமாய் விளக்கிக் காட்டினார்கள். பிறகு அவர் அக்காயா நாட்டுக்குப் போக விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளும்படி சகோதரர்கள் அங்குள்ள சீஷருக்கு நிருபம் எழுதினார்கள்.

புதிய ஆசிரியரை ஆயத்தப்படுத்தும் முறை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. அவருடைய கல்வியை மதித்தார்கள், குறையைத் தனிமையில் திருத்தினார்கள், அடுத்த இடத்திலும் அவர் அந்நியராய் நிற்காதபடி பார்த்துக்கொண்டார்கள். அவர் குறையைத் திருத்தியவர்கள் உழைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தார் என்பதையும் கவனியுங்கள்.

இக்காலத்தில் இதற்கு ஓரியன்டேஷன் என்று பெயர். கிழக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை அது. முற்காலத்தில் தேவாலயங்களைக் கிழக்கு நோக்கி அமைப்பார்கள். புதியவருக்குக் கிழக்கு எதுவென்று காட்டிவிட்டால், மற்றத் திசைகளை அவரே கண்டுகொள்வார்.

2. திருச்சபையின் ஒழுங்கு

சேசு சபையார் 1599-ம் வருடத்தில் தங்கள் கல்லூரிகளுக்கென ஒரு கல்வி ஒழுங்கை வெளியிட்டார்கள். புதிய ஆசிரியர்கள் பழக்கமில்லாமல் வகுப்பில் போய் நிற்கக்கூடாதென்று அதிலே ஒரு விதி இருக்கிறது. போதிப்பதில் கைதேர்ந்த ஒருவரை அதிபர் தெரிந்தெடுக்க வேண்டும். ஆசிரியராகப் போகிறவர்கள், தங்கள் படிப்பு முடியும் தறுவாயில், வாரத்துக்கு மூன்று தடவை ஒவ்வொரு மணி நேரம் அவரிடம் போய், பாடம் சொல்லவும், எழுத்து வேலைகளைத் திருத்தவும், ஆசிரியருக்குரிய மற்றக் கடமைகளைச் செய்யவும் பழக வேண்டும். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்த அர்ச். சூசையப்பர் கல்லூரியும், 1925-ல் சங். பெர்த்ராம் சுவாமி சென்னையில் நிறுவிய லொயோலா கல்லூரியும் இந்தச் சபையாரின் கல்விப் பரம்பரையில் வந்தவைகளே.

நம் காலத்தில், அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசராயிருந்தபோது, 1990-ம் வருடம் ஆகஸ்டு 15-ந் தேதி, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒரு சாசனம் வெளியிட்டார். அதன் பொது விதிகளில் நான்காவது, ஆசிரியர்களைப் பற்றியது. ஆசிரியர்கள் எல்லாருக்கும், அவர்கள் நியமிக்கப்படும்போதே, அந்த ஸ்தாபனத்தின் கத்தோலிக்கத் தன்மை இன்னதென்றும், அதனால் வரும் பொறுப்புகள் இன்னவையென்றும் தெரிவிக்க வேண்டும். அத்தன்மையை வளர்க்க, அல்லது குறைந்தபட்சம் மதிக்க, அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்றும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் என்ற வார்த்தையிலே பகுதிநேர ஆசிரியரும் அடங்குவர்.

வாரத்துக்கு நாலு மணி நேரம் வந்துபோகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மாணவனுடைய இடத்திலிருந்து பாருங்கள். தன் முன்னே நிற்பவர் நிரந்தரமா, பகுதிநேரமா என்று அவன் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்கு அவரே ஆசிரியர், அவரே கல்லூரி. அவர் பொறுமையாயிருந்தால், கிறிஸ்தவர்கள் பொறுமையுள்ளவர்கள் என்று எண்ணுவான். அவர் ஏளனம் பேசினால், அந்த ஏளனத்தை ஸ்தாபனத்தின் பேரிலேயே எழுதிக்கொள்வான்.

3. நம் அண்டையில் ஒரு சாட்சி

தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே காடு போல் மரங்கள் அடர்ந்த இடத்திலே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. இது நம் சகோதர சபையாரால் ஏற்பட்டது. 1837-ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்து, வெகுகாலம் ஜார்ஜ் டவுனில் இருந்து, சரியாக நூறு வருடம் கழித்து 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. அப்போது அதற்குத் தலைவராயிருந்தவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் தத்துவப் பேராசிரியர்.

ஜார்ஜ் டவுன் காலத்தில் அவரிடம் ஓர் இந்து இளைஞர் எம்.ஏ. படித்தார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்று மிஷனரிமார் சொல்லிவந்த குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே தமது ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். தமது ஆசிரியரோ மிஷனரி. அவர் மனம் புண்படுமோ என்று அந்த இளைஞருக்கு அச்சம். ஹாக் துரையோ அதைப் படித்து, மிகச் சிறந்த வேலை என்று பாராட்டினார். 1908-ல் அது புத்தகமாய் வந்தது. அந்த மாணவர்தான் பிற்காலத்தில் நம் நாட்டின் ஜனாதிபதியான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962-ம் வருடம் முதல் அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5-ந் தேதியைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஹாக் தமது விசுவாசத்தை மறைத்தவரல்லர். ஆயினும் தம்மோடு இசையாத ஒரு கட்டுரையை நீதியோடு படித்து, அதற்குரிய மதிப்பைக் கொடுத்தார். கிறிஸ்தவக் கல்லூரியின் ஆசிரியர் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ?

4. புதிய ஆசிரியர் அறியவேண்டியவை

முதலாவது, ஆயத்தம். ஒரு மணி நேரப் பாடத்துக்கு வீட்டில் பல மணி நேரம் படிக்க வேண்டும். அதற்குத் தனியே சம்பளம் கிடையாது. என்றாலும் ஆயத்தமில்லாமல் வகுப்பில் நிற்பது, அறுபது பேருடைய நேரத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் கொடாமல் அனுப்புவதாகும்.

இரண்டாவது, மார்க்கு. தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் பாடத்திட்டமும் பரீட்சையும் கல்லூரியின் கையிலேயே இருக்கின்றன. இன்டர்னல் மார்க்கு ஆசிரியர் கையில் இருக்கிறது. முகம் பார்த்து மார்க்குப் போடுவது நீதிக்கு விரோதமான பாவம். தன்னிடம் டியூஷன் படிப்பவனுக்கு ஒரு கண், மற்றவனுக்கு ஒரு கண் ஆகாது.

மூன்றாவது, ஏழை மாணவர். நாம் மேலே சொன்ன 1599-ம் வருடத்து ஒழுங்கு, ஆசிரியர் ஒருவரையும் அற்பமாய் எண்ணலாகாதென்றும், பணக்காரருடைய படிப்பில் காட்டும் கவலையை ஏழைகளுடைய படிப்பிலும் காட்டவேண்டுமென்றும் கற்பிக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலப் பாடம் விளங்காமல் கடைசி பெஞ்சில் தலை குனிந்திருக்கும் பிள்ளையைத் தேடிப் பார்ப்பதே இந்த விதியை இக்காலத்தில் அநுசரிக்கும் வழி.

நான்காவது, வேத காரியம். நம் அரசியல் சட்டத்தின் 30-ம் விதி, சிறுபான்மையோர் தங்கள் கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நடத்தும் உரிமையைக் காக்கிறது. அதே சட்டத்தின் 28-ம் விதி, அரசாங்கத்தின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற ஸ்தாபனங்களில் எவரையும் அவர் சம்மதமின்றி வேத போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. ஆகையால் புதிய ஆசிரியர் கிறிஸ்தவராயிருந்தால் வகுப்பைப் பிரசங்க மேடையாக்க வேண்டியதில்லை. நேர்மையான பாடமே அவர் பிரசங்கம். வேறு மதத்தவராயிருந்தால், ஜெப வேளையில் மரியாதையாய் எழுந்து நின்றால் போதும். மனதில் இல்லாததை வாயால் சொல்லும்படி நாம் யாரையும் கேட்கலாகாது.

5. கல்லூரி செலுத்தவேண்டிய கடன்

கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. அர்ச். மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்து எஜமான் பதினோராம் மணி வேளையில் கடைத்தெருவுக்குப் போகிறார். தங்களைக் கூலிக்கு அமர்த்துவார் இல்லாமல் நாள் முழுவதும் சும்மா நின்றவர்களைக் காண்கிறார். கடைசியில் வந்த அவர்களுக்கே முதலில் கூலி கொடுக்கிறார், அதுவும் முழுக் கூலி. படித்துப் பட்டம் பெற்று, அழைப்பார் இல்லாமல் நிற்கும் நம் இளைஞர்களை நினைக்கும்போது, இந்த உவமை நம் தெருவிலேயே நடப்பதாகத் தோன்றவில்லையா?

அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தில், பிடித்துவைக்கப்பட்ட கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுவதாக எச்சரிக்கிறார். 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர், தொழிலாளர் நிலைமையைப் பற்றிய நிருபத்தில், இருவரும் சம்மதித்த கூலி என்பது மாத்திரம் போதாது, தொழிலாளி கண்ணியமாய் ஜீவிக்க அது போதுமானதாயிருக்க வேண்டும் என்று போதித்தார். பல்கலைக்கழக மானியக் குழு 2019-ம் வருடத்தில் கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என்றும், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் என்றும் அளவு குறித்தது. இதற்கு வெகுதூரம் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. மே மாதத்தில் வகுப்பில்லை என்று சம்பளமும் இல்லாமல் போகிறவர்களும் உண்டு.

கல்லூரியின் வரும்படி கட்டணத்தால்தான் என்பதும், ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்தால் கையிருப்புக் குறையும் என்பதும் உண்மையே. நிர்வாகத்தாருடைய நெருக்கடியை நாம் அறியாதவர்களல்லர். ஆனாலும் பணம் குறைவாயிருக்கும் இடத்திலே மரியாதையும் குறைவாயிருக்க வேண்டும் என்று நியாயமில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு நாற்காலி, புத்தகம் வைக்க ஒரு அலமாரி, தேதி தவறாத சம்பளம், துறைக் கூட்டத்தில் ஓர் இடம், சந்தேகம் கேட்க மூத்தவர் ஒருவர் ஆகிய இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. வாசலில் நாட்டிய சிலுவை தூரத்திலிருந்து தெரியும். உள்ளே கடைசியாய் வந்தவர் நடத்தப்படும் விதத்தில்தான் அதன் பொருள் விளங்கும்.

6. குடும்பத்தின் பங்கு

உங்கள் வீட்டில் இப்படி ஒரு மகனோ மகளோ இருந்தால், பர்மனென்ட் எப்போது ஆகும் என்று தினமும் கேட்டு மனதைப் புண்படுத்தாதேயுங்கள். அந்தக் கேள்வியை அவர்களே இராத்திரியில் தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். இன்று என்ன பாடம் நடத்தினாய் என்று கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளையிருந்தால், புதிய ஆசிரியரைக் கேலி செய்யாதே, அவரும் நம்மைப்போல் ஒரு வீட்டிலிருந்து ரயிலேறி வருகிறவர்தான் என்று சொல்லிக்கொடுங்கள். நம் பங்கில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அக்குவிலா, பிரிஸ்கில்லாளைப் போல், புதிதாய் வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து, தாங்கள் பட்டறிந்ததைச் சொல்லலாம். ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் இதற்குச் செலவில்லை.

வீட்டில் பேசுவதற்கு:

நம் தெருவில் பகுதிநேர ஆசிரியராயிருப்பவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

நமக்குப் படிப்பித்தவர்களில், நம்மை ஏழையென்றோ மந்தபுத்தியென்றோ தள்ளாதவர் யார்? அவருக்கு நாம் நன்றி சொன்னதுண்டா?

இந்த வாரத் தீர்மானம்: புதிதாய் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியரையாவது பூசை முடிந்தபின் கண்டு, பெயரைக் கேட்டு, இரண்டு நல்ல வார்த்தை பேசுவேன். இரவு குடும்ப ஜெபத்தில் அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுவேன்.